'ஒன்லி' உட்கார்ந்த இடம்

பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கைக் கஸ்டம்ஸில் கிளியர் பண்ணிக் கொடுக்கும் ஏஜென்ட் ஆபீஸ். 12 வருடமாக அங்கே டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலையைத் தாண்டி நடந்தால் ஆபீஸ். பாதி நாள் பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது இறக்குமதிக்காகக் கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவத்தில் போகும், மீதி நாள் மெயிலில் போகும். ஜெர்மனியோ கொரியாவோ, எல்லா ஊருக்கும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பன்னிரண்டாவது வரை நான் தமிழ் மீடியம். ஆனாலும் எழுதி எழுதிக் கை படிந்துவிட்டது, இனி ஆங்கிலம் நம்மைக் கவிழ்க்காது என்றுதான் நினைத்திருந்தேன், அந்த பேரிங் பெட்டிகள் வந்து சேரும் வரை.

ஜெர்மனியிலிருந்து ஒரு கண்டெய்னர் பேரிங். மொத்தம் 210 பெட்டி. திருவொற்றியூர் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்ஸில் (கண்டெய்னர் சரக்கு இறக்கி வைக்கும் கிடங்கு) இறக்கும்போது பார்த்தால் 17 பெட்டி ஊறிப் போயிருந்தது. கண்டெய்னர் கூரையில் ஆணி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அன்று மதியமே சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை வரவழைத்தோம். அவர் சில பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார், போட்டோ எடுத்தார், ஈரப் பெட்டிகளைத் தனியாக அடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ரிப்போர்ட் ஜெர்மனிக்குப் போய்ச் சேரவில்லை. அது வேறு வழியில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒன்பது நாள் கழித்து, சரக்கை வாங்கிய கம்பெனியின் இன்ஜினீயர் வந்தார். அவர் முன்னால் ஈரப் பெட்டிகள் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினோம். காய்ந்த பெட்டிகளில் கை வைக்கவில்லை. சரக்கை அனுப்பிய ஜெர்மனிக்காரர் மெயிலில் கேட்டிருந்ததும் அதைத்தான்: நல்ல பெட்டிகளின் சீலை உடைத்துவிட்டீர்களா?

மனசுக்குள் பதில் தமிழில் தயாராக இருந்தது. 'நனைந்த பெட்டிகளை மட்டும் நேற்று திறந்தோம்.' விரல் அதை ஆங்கிலத்தில் அடித்தது: 'வீ ஓப்பன்ட் தி வெட் கார்ட்டன்ஸ் ஒன்லி யெஸ்டர்டே.' அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் வந்த பதிலில் வணக்கம்கூட இல்லை. நேற்றுதான் திறந்தீர்களா, ஒன்பது நாள் தண்ணீரிலேயே விட்டுவைத்திருந்தீர்களா, பேரிங் துருப்பிடிக்காமல் வேறென்ன செய்யும், இந்த நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் ஒரு காப்பி. முதலாளி ஃபோனைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு வந்தார். "என்னய்யா எழுதித் தொலைச்ச?"

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தப்பே தெரியவில்லை. வெட் கார்ட்டன்ஸ் ஒன்லி. ஈரப் பெட்டிகள் மட்டும். சரியாகத்தானே இருக்கிறது?

எங்கள் ஆபீஸுக்கு வாரம் மூன்று நாள் ஒரு பெரியவர் வருவார். கஸ்டம்ஸில் சரக்கின் மதிப்பையும் வரியையும் பார்க்கும் அப்ரைசராக இருந்து ரிடையர் ஆனவர். வரி விகிதத்தில் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவோம். எல்லோருக்கும் அவர் 'சார்'. பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார், சிரித்தார்.

"தம்பி, இதுல இலக்கணத் தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இந்த ஒன்லிக்கு ரெண்டு பக்கமும் வாசல். நீங்க கார்ட்டன்ஸ் பக்கமா உள்ள அனுப்புனீங்க. அவன் யெஸ்டர்டே பக்கமா வெளிய எடுத்துட்டான்." அப்புறம் கேட்டார்: "ஸ்கூல்ல பொருள்கோள் படிச்சிருப்பீங்களே, தாப்பிசை ஞாபகம் இருக்கா?"

பொருள்கோள் என்றால் செய்யுளில் எந்தச் சொல்லை எதோடு சேர்த்துப் பொருள் கொள்வது என்கிற முறை. ஆற்றுநீர், மொழிமாற்று, நிரல்நிறை, விற்பூட்டு, தாப்பிசை என்று எட்டையும் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்தவன்தான். தாப்பிசை என்றால் ஊசல் மாதிரி. நடுவில் நிற்கும் ஒரு சொல் முன்னாலும் போகும், பின்னாலும் போகும். இதற்குத் தமிழாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணம், புலால் மறுத்தலில் வரும் 'உண்ணாமை உள்ளது உயிர்நிலை' குறள். அதில் 'ஊன்' ஒரே தடவைதான் வரும். ஊன் உண்ணாமை என்று முன்னாலும் சேர்க்க வேண்டும், ஊன் உண்ண என்று பின்னாலும் சேர்க்க வேண்டும். செய்யுளில் அது அழகு. கிளெய்ம் நிலுவையில் இருக்கும்போது எழுதுகிற மெயிலில் அது வம்பு.

சார் ஒரு பழைய டெலிவரி சலானை எடுத்தார், பிங்க் நிறக் காப்பி. அதைப் பின்பக்கம் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கிழித்து, துண்டுக்கு ஒரு சொல்லாக எழுதி மேஜையில் வரிசையாக வைத்தார்: சார் - பாட் - டீ - ஃபார் - மீ. சார் எனக்கு டீ வாங்கினார். ஆறாவது துண்டில் ஒன்லி. அதை என் கையில் கொடுத்து, "எங்க வேணா வைங்க, அர்த்தத்தை நான் சொல்றேன்" என்றார்.

முதல் இடத்தில் வைத்தேன். "சார் மட்டும்தான் வாங்கிக் குடுத்தாரு, மத்தவன் எல்லாம் கஞ்சன்." டீக்கு முன்னால் வைத்தேன். "டீ மட்டும். வடை கிடையாது." ஃபாருக்கு முன்னால் வைத்தேன். "உங்களுக்கு மட்டும். முதலாளி பார்த்துட்டு நிக்கிறாரு." சாருக்கும் பாட்டுக்கும் நடுவில் வைத்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார். "இது வழுக்குற இடம். வாங்க மட்டும் செஞ்சாரு, கொண்டாந்து தரலன்னும் படிக்கலாம். டீ மட்டும்னும் படிக்கலாம். இங்கிலீஷ்காரனே பேசும்போது பெரும்பாலும் இங்கதான் வைப்பான், குரல்ல அழுத்திச் சரி பண்ணிக்குவான். மெயிலுக்குக் குரல் ஏது?"

கடைசியில் வைத்தேன், மீக்குப் பிறகு. "இது நம்ம ஊரு ஒன்லி" என்றார்.

அந்தக் கடைசித் துண்டில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நம் மொழியில் 'தான்', 'மட்டும்', 'உம்', 'கூட' எல்லாம் எந்தச் சொல்லைக் குறிக்கின்றனவோ அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். எனக்குத்தான், டீயும், வடைகூட. ஏறிய பிறகு அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே போனாலும் கூடவே போகும். 'எனக்கு மட்டும் சார் டீ வாங்கினார்', 'சார் டீ வாங்கினார் எனக்கு மட்டும்', இரண்டும் ஒன்றுதான். அதனால் ஆங்கிலத்தில் எழுதும்போதும் சொல்லை முதலில் போட்டு ஒன்லியைப் பின்னால் ஒட்டுகிறோம். 'ஹீ இஸ் இன் தி ஆபீஸ் ஒன்லி', ஆபீஸில்தான் இருக்கிறார். 'டுடே ஒன்லி ஐ கேம்', இன்னிக்குத்தான் வந்தேன். இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். சென்னைக்குள் பேச இது ஒழுங்காக வேலை செய்கிற ஆங்கிலம். யாருக்கும் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் கேட்கிறவர் காதிலும் அது 'தான்' என்றுதான் விழுகிறது. கடல் தாண்டினால்தான் சிக்கல். அங்கே ஒன்லி பின்னால் வருகிற சொல்லைத் தேடும்.

மெயிலைத் திருத்தினோம். 'யெஸ்டர்டே வீ ஓப்பன்ட் ஒன்லி தி வெட் கார்ட்டன்ஸ்.' யெஸ்டர்டேவைக் கண்காணாத தூரத்துக்கு, வாக்கியத்தின் தலைக்கே துரத்திவிட்டார் சார். கூடவே சர்வே நடந்த தேதியும் போட்டோக்களும். மூன்று நாள் கழித்து ஜெர்மனியிலிருந்து சாதுவான ஒரு பதில் வந்தது. மன்னிப்பு எல்லாம் இல்லை. வணக்கம் திரும்பி வந்திருந்தது, அது போதும்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்கு இதே பைத்தியம். என் பழைய மெயில்களைத் தோண்டிப் பார்த்தேன். பயமாக இருந்தது. ஒரு வருடம் முன்னால் ஒரு பார்ட்டிக்கு எழுதியிருக்கிறேன்: 'வீ ஆல்மோஸ்ட் கிளியர்ட் ஆல் தி கன்சைன்மென்ட்ஸ்.' நான் சொல்ல வந்தது, பத்தில் எட்டு ஒன்பது முடிந்தது என்று. எழுதியிருப்பதை அப்படியே படித்தால், எல்லாவற்றையும் கிளியர் பண்ணும் நிலைக்கு வந்தோம், பண்ணவில்லை என்றாகிறது. ஒன்றுகூட வெளியே வராமல் இருக்கலாம். ஆல்மோஸ்ட்டை ஆல் பக்கத்தில் நகர்த்தினால் போதும், சரியாகிவிடும். அந்தப் பார்ட்டி ஏன் அடுத்த நாளே பதறி ஃபோன் பண்ணினார் என்று ஒரு வருடம் கழித்துப் புரிந்தது.

இன்னொரு சாயங்காலம் சார்தான் இதைச் சொன்னார். ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் உருபு உண்டாம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் வாலைப் பார்த்தே எது எழுவாய், எது செயப்படுபொருள் என்று சொல்லிவிடலாம். சொற்களை ஓரளவு இஷ்டத்துக்கு மாற்றியும் வைக்கலாம். காலப்போக்கில் அந்த வால்கள் தேய்ந்து விழுந்துவிட்டன. ஹீ - ஹிம், ஹூ - ஹூம் மாதிரி சில மட்டும் மிச்சம். வால் போன பிறகு யார் யாரை என்ன செய்தார்கள் என்பதைக் காட்ட இடத்தைத் தவிர வேறு வழியில்லை. லாரியைக் கஸ்டம்ஸ் நிறுத்தியது, கஸ்டம்ஸ் லாரியை நிறுத்தியது. நமக்கு 'ஐ' இருக்கிறது, எப்படிப் போட்டாலும் லாரிதான் நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டால் லாரி போய்க் கஸ்டம்ஸை நிறுத்திவிடும். 'இங்கிலீஷ்ல இடம்தான் உருபு' என்று சார் சொன்னதை அப்படியே ஒரு ஸ்டிக்கி நோட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தேன்.

நானாகக் கண்டுபிடித்த வித்தை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நாள் மீனம்பாக்கத்துக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவே ரயில் நின்றுவிட்டது. பொழுது போகாமல் அன்று எழுதிய ஒரு வாக்கியத்தை மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். 'நேற்று ஹார்பரில் பத்திரமாக மெஷினை இறக்கினார்கள்.' இதைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். இறக்கினார்கள், மெஷினை, பத்திரமாக, ஹார்பரில், நேற்று. 'தே அன்லோடட் தி மெஷின் கேர்ஃபுல்லி அட் தி ஹார்பர் யெஸ்டர்டே.' ஒரு சொல் பிசகவில்லை. 'இறக்கினார்கள்' என்பதையே பின்னாலிருந்து பிரித்தால் முதலில் 'ஆர்கள்' வருகிறது, அதுதான் தே; அப்புறம் இறக்கின், அது அன்லோடட். கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பி நிற்கிறது.

எழுவாய் வெளிப்படையாக இருந்தால் அதை மட்டும் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பின்னோக்கி நடக்க வேண்டும். 'டிரைவர் நேற்று பஸ்ஸில் அம்பத்தூர் போனார்': 'தி டிரைவர் வென்ட் டு அம்பத்தூர் பை பஸ் யெஸ்டர்டே.' பொருந்துகிறது. தேதிக்கும் இதே கணக்குதான். நாம் பெரியதிலிருந்து சின்னதுக்கு வருவோம்: மார்ச் மாதம், 3-ஆம் தேதி, காலை 10 மணி. அவர்கள் 10 மணியில் ஆரம்பித்து மாதத்துக்குப் போவார்கள். எங்கள் ஆபீஸில் பாதி மெயில் இந்த ஒரு வித்தையிலேயே நேராகிவிட்டது.

என்னிடம் இருந்த பழைய வியாதி ஒன்றும் இதில் போனது. 'வீ ரிசீவ்ட் யெஸ்டர்டே யுவர் இன்வாய்ஸ்' என்றுதான் எழுதுவேன். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே காலத்தைக் கொண்டுபோய்ச் சொருகுவது. ரிசீவ்ட் என்றதும் எதை என்ற கேள்வி அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். யுவர் இன்வாய்ஸைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நேற்றா இன்றா என்று சொல்ல வேண்டும். அந்தச் செயப்படுபொருள் இரண்டு வரி நீளம் என்றால் நடுவில் ஒரு சின்னச் சொல்லை விடுவார்கள், அது பரவாயில்லை. நம் இன்வாய்ஸ் அவ்வளவு நீளம் இல்லை.

இந்தக் கண்ணாடி வித்தை உடைகிற இடமும் உண்டு. எப்போதும், பெரும்பாலும், ஒருபோதும் என்கிற சொற்கள். தமிழில் 'எப்பவும்' முன்னாலேயே வந்து உட்காரும். அதனால் நான் 'ஆல்வேஸ் வீ ஆர் சப்மிட்டிங் ஆன் டைம்' என்று வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தேன். பின்னோக்கி நடந்தால் ஆல்வேஸ் கடைசிக்குப் போய்விடும், அதுவும் சரியில்லை. அதன் இடம் நடுவில், வினையை ஒட்டி. சாதாரண வினை என்றால் அதற்கு முன்னால்: 'வீ ஆல்வேஸ் சப்மிட் ஆன் டைம்.' இஸ், ஆர், வாஸ் தனியாக வினையாக நின்றால் அதற்குப் பின்னால்: 'தி ஆபீசர் இஸ் ஆல்வேஸ் பிஸி.' ஹேவ், வில் மாதிரி துணைவினை முன்னால் நின்றால், முதல் துணைவினையைத் தாண்டி உடனே: 'வீ ஹேவ் நெவர் மிஸ்ட் எ டேட்.' துணைவினை இரண்டு மூன்று வந்தாலும் முதலாவதைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடலாம், கடைசி வரை போக வேண்டியதில்லை. யூஷுவலி, சம்டைம்ஸ் இரண்டும் கொஞ்சம் செல்லப்பிள்ளைகள், வாக்கியத்தின் தலையிலும் உட்கார விடுவார்கள். நெவரைத் தலையில் வைத்தால் பின்னால் வருகிற வினையையும் எழுவாயையும் இடம் மாற்ற வேண்டும். அது மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும், கிளியரிங் ஏஜென்டுக்கு எதற்கு?

கேள்வியிலும் இதே இட விவகாரம். 'கப்பல் எப்போ வரும்?' இதுவே 'கப்பல் எப்போ வரும்னு சொல்லுங்க' ஆனால் தமிழில் எதுவும் அசைவதில்லை, கடைசியில் ஒரு 'னு' ஒட்டினால் முடிந்தது. ஆங்கிலத்தில் நேர்க் கேள்வி என்றால் புரட்ட வேண்டும்: 'வென் வில் தி வெசல் அரைவ்?' அதையே ப்ளீஸ் டெல் மீக்குப் பின்னால் வைத்தால் புரட்டியதைத் திரும்ப நிமிர்த்த வேண்டும்: 'ப்ளீஸ் டெல் மீ வென் தி வெசல் வில் அரைவ்.' நாங்கள் செய்வது நேர் எதிர். நேரில் 'வென் தி வெசல் வில் கம்?' என்று நிமிர்த்திக் கேட்போம், மெயிலில் 'ப்ளீஸ் டெல் மீ வென் வில் தி வெசல் கம்' என்று புரட்டி எழுதுவோம். இதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. ஆனால் படிக்கிறவருக்குக் கல் கடிபடும். இப்போதும் அவசரத்தில் எனக்கு இது தப்பும். ஸ்டிக்கி நோட்டைப் பார்த்துத்தான் திருத்துகிறேன்.

ஆல்ஸோவைப் பற்றி நிறையச் சொல்லலாம், விடுகிறேன். 'ஐ ஆல்ஸோ வென்ட் டு தி பேங்க்' என்றால் நானும் போனேனா, பேங்குக்கும் போனேனா என்று எழுத்தில் தெரியாது. நம் 'உம்' எவ்வளவு மலிவான, எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்று அப்போதுதான் உறைக்கும். இரண்டே எழுத்துப் போதும் நமக்கு. அவர்களுக்கு அதைச் சொல்ல இன்னொரு வாக்கியம் தேவைப்படுகிறது.

போன மாதம் ஆபீஸில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். ஆங்கில மீடியம், என்னைவிட வேகமாக டைப் அடிப்பாள். தன் முதல் டிராஃப்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'வீ வில் பே தி டியூட்டி ஆன் தி மெஷின் ஒன்லி ஆன் ஃப்ரைடே.'

"மெஷினுக்கு மட்டும் டியூட்டியாம்மா, இல்ல வெள்ளிக்கிழமைதான் கட்டுவோமா?"

"மெஷினுக்கு மட்டும் சார். ஸ்பேர்ஸுக்கு ஏற்கெனவே கட்டியாச்சு." சொல்லிவிட்டு ஸ்கிரீனைத் திரும்பப் பார்த்தாள். "ஐயோ" என்றாள்.

டிராயரைத் திறந்து அந்த பிங்க் துண்டுகளைத் தேடினேன். கிளிப் போட்டு வைத்திருந்தேன். சார், பாட், ஃபார், மீ எல்லாம் இருந்தன. டீயின் மேல் டீக்கறைகூட இருந்தது. ஒன்லியை மட்டும் காணோம். அவளே ஒரு கூரியர் ரசீதின் பின்பக்கம் புதிதாக எழுதினாள், கிழித்தாள். "முதல்ல எங்க வைக்கட்டும் சார்?" என்று கேட்டாள்.